மகப்பேற்றுக்குப் பின் தாயின் மனநலமும் மன அழுத்தத் தணிப்பு முறைகளும்

குழந்தை பிறந்ததிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு வரை தாயின் மனநிலையில் ஏற்படும் மாற்றங்களும் அவற்றுக்குத் தேவைப்படும் உதவியும் மகப்பேற்றுக்குப் பிந்தைய மனநலம் என்ற தலைப்பில் பேசப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, ஏற்படுகிறது. வளரும் நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் இது 19.8 விழுக்காடு, அதாவது ஐந்து தாய்மாரில் ஒருவர். கர்ப்பிணியின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தவறாமல் பார்க்கும் இடங்களில்கூட, குழந்தை பிறந்த பிறகு அந்தப் பெண் தூங்குகிறாரா, அழுகிறாரா என்று கேட்பது அரிது.

மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, நடைப்பயிற்சி, மனங்குவிப்பு, எண்ணங்களைச் சீர்தூக்கிப் பார்த்தல் ஆகியவை இக்காலத்தில் பரிந்துரைக்கப்படும் மன அழுத்தத் தணிப்பு முறைகள். இவற்றால் பலன் உண்டு. ஆனால் இவை எதுவும் தாய் தனியாக முடித்துக்கொள்ளும் வீட்டுப்பாடம் அல்ல. பத்து நிமிடம் கண்மூடி உட்கார வேண்டுமானால், அந்தப் பத்து நிமிடம் குழந்தையை வேறு யாராவது வைத்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் ஆய்வுகளில் பலன் தந்த முறைகள் ஒவ்வொன்றிலும் தாயின் பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார்.

மூன்று வேறு நிலைகள்

தமிழில் அன்றாடப் பேச்சில் ஸ்ட்ரெஸ், டிப்ரெஷன் இரண்டையுமே ‘மன அழுத்தம்’ என்கிறோம். இந்தக் குழப்பத்தால் இரண்டு வகையில் தீங்கு நேர்கிறது. சாதாரணக் களைப்பை நோய் என்று பயப்படுவோரும் உண்டு. நோயைக் களைப்பு என்று விட்டுவிடுவோரும் உண்டு. இந்தக் கட்டுரையில் மன அழுத்தம் என்பது சுமை கூடும்போது உடலும் மனமும் இறுகும் நிலையைக் குறிக்கும். மனச்சோர்வு என்பது சிகிச்சை தேவைப்படும் நோய்.

பிரசவமான மூன்றாவது, நான்காவது நாளில் காரணமின்றி அழுகை வருவதும், எரிச்சலும், ஒரு கணம் சிரிப்பும் மறுகணம் கண்ணீருமாக இருப்பதும் பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு ஏற்படுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் அளவு மளமளவென்று இறங்குவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இது இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். ஓய்வும் ஆறுதலும் போதும்.

இரண்டு வாரம் கடந்தும் துக்கம் விலகாமல், எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்ற நினைப்பு மாறாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். இது முதல் மாதத்திலேயே வர வேண்டும் என்பதில்லை. ஆறாவது மாதத்திலும் தொடங்கலாம்.

மூன்றாவது நிலை அரிதானது, ஆனால் அவசரமானது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், தாய்க்கு உளப்பிணி தோன்றுகிறது. தூக்கமே தேவையில்லை என்பது போன்ற பரபரப்பு, யாரோ பேசுவதாகக் கேட்பது, குழந்தை தன்னுடையது அல்ல அல்லது அதற்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று உறுதியாக நம்புவது ஆகியவை இதன் அடையாளங்கள். இதற்கு எந்தத் தணிப்பு முறையும் பொருந்தாது. மந்திரிப்பதில் ஒரு நாளைக்கூடக் கழிக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியே விடக் கூடாது.

சுமை எங்கிருந்து வருகிறது

வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தின் கிராமப்புறத் தாய்மாரிடம் நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காட்டினர் என்று அது கண்டது. அந்த எண்ணிக்கையைவிட அது சுட்டிய காரணங்கள் கவனத்துக்குரியவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ உறவுச் சிக்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாமை. இவற்றில் ஒன்றுகூட மூச்சுப் பயிற்சியால் தீரக்கூடியது அல்ல. ‘பொண்ணா பொறந்திருக்கு’ என்று சொல்லும் குரலின் தொனியை மாற்ற வேண்டியவர் தாய் அல்லவே.

உடல் சார்ந்த காரணங்களும் உண்டு. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சை வழியே நடந்தவை. வயிற்றில் தையலோடு இரவில் நான்கு முறை எழும் பெண்ணின் களைப்பை மனம் சார்ந்தது என்று மட்டும் பார்க்க முடியாது. பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தைராய்டு சுரப்பியில் ஏற்படும் அழற்சியும் படபடப்பையோ சோர்வையோ உண்டாக்கி மனச்சோர்வு போலவே தோன்றும். ஆகவே ‘எப்போதும் அசதியாக இருக்கிறது’ என்று தாய் சொன்னால் ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனைகள் இரண்டையும் செய்துகொள்வது நல்லது.

தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்று சொல்லித் தாய்வீட்டில் வைத்துப் பார்ப்பது வழக்கம். வெந்நீர் ஊற்றுவது, பத்தியச் சாப்பாடு போடுவது, வீட்டு வேலை கொடுக்காமல் இருப்பது ஆகியவை எல்லாம் தாய்க்கு ஓய்வு வேண்டும் என்பதை ஒரு சமூகம் ஒப்புக்கொண்டதன் அடையாளங்கள். பத்தியத்தின் பெயரில் தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பதை விட்டுவிட்டால், இந்த ஏற்பாட்டில் போற்ற வேண்டியவை நிறைய உண்டு. ஆனால் மூன்றாவது அல்லது ஐந்தாவது மாதத்தில் தாயும் குழந்தையும் புகுந்த வீட்டுக்குத் திரும்பும்போது இந்தப் பாதுகாப்பு ஒரே நாளில் நின்றுவிடுகிறது. சமையல், துணி, இரவுக் கண்விழிப்பு எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும் நாள் அது. நகரங்களில் தனிக்குடித்தனத்தில் இருப்பவர்களுக்கும், வெளிநாட்டில் வாழும் தமிழ்ப் பெண்களுக்கும் அந்த மூன்று மாதம்கூட வாய்ப்பதில்லை.

தூக்கம்

தணிப்பு முறைகளில் முதலில் வைக்க வேண்டியது தூக்கம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஆகவே தாயின் தூக்கம் துண்டு துண்டாகிறது. மொத்தமாக ஏழு மணி நேரம் தூங்கினாலும், ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழுந்தவருக்குத் தூங்கிய உணர்வு இருக்காது. எனவே ஒரே தொடர்ச்சியாக நான்கு ஐந்து மணி நேரம் கிடைக்கச் செய்வதே நோக்கமாக இருக்க வேண்டும்.

பால் சுரப்பு நிலைபெறும் முதல் சில வாரங்களில் இரவுப் பாலூட்டலை நிறுத்த முடியாது. ஆனால் பாலூட்டுவது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வேறொருவர் செய்யலாம். குழந்தையை எடுத்து வந்து தருவது, குடித்த பின் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது, ஈரத்துணி மாற்றுவது, தூளி ஆட்டுவது ஆகியவற்றைக் கணவர் எடுத்துக்கொண்டால் தாய் கால் மணி நேரத்தில் மீண்டும் படுத்துவிடலாம். சுரப்பு நிலைபெற்ற பிறகு ஒருவேளைப் பாலைக் கறந்து வைத்து, தாய் ஒன்பது மணிக்குப் பாலூட்டிவிட்டுப் படுத்து இரண்டு மணி வரை தூங்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். கறந்த தாய்ப்பால் 25 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் இருக்கும். தமிழ்நாட்டுக் கோடையில் அறைச் சூடு அதைத் தாண்டிவிடுவதால் ஃபிரிட்ஜில் வைப்பதே பாதுகாப்பு. புட்டிக்குப் பதிலாகக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பாலாடையில் புகட்டலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு இது கைவந்த வேலை.

‘குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு’ என்ற அறிவுரை எல்லோரும் சொல்வதுதான். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவ வேறு ஆள் இருந்தால்தான் அது நடக்கும்.

மூச்சும் தசையும்

மூச்சை மெதுவாக்கினால், குறிப்பாக வெளிவிடும் மூச்சை நீட்டினால், இதயத் துடிப்பு தணிந்து உடலின் பதற்றம் இறங்குகிறது. ஒரு கையை வயிற்றில் வைத்து, நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விட வேண்டும். அறுவை சிகிச்சை ஆனவர்கள் தையலின்மேல் ஒரு தலையணையை மெல்ல அணைத்துக்கொள்ளலாம். இதற்கென்று தனி நேரம் தேடுவதைவிட, குழந்தை மார்பில் வாய் வைத்ததும் முதல் பத்து மூச்சுக்கு இதைச் செய்வது எளிது. பால் இறங்குவதற்கு ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன் சுரக்க வேண்டும். கடும் பதற்றம் அதைத் தடுக்கும் என்பதால், இந்தப் பத்து மூச்சு பாலூட்டலுக்கும் துணைசெய்கிறது. தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும். பிரசவத்தின்போது கடும் அச்சத்துக்கு ஆளான சிலருக்கு, கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் அந்த நினைவுகளே மேலெழும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, பாதத்துக்குக் கீழே உள்ள தரையின் குளிர்ச்சியையும் காதில் விழும் ஓசைகளையும் ஒவ்வொன்றாகக் கவனிப்பது பொருந்தும்.

தசைத் தளர்வு முறையை உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன். இது பற்றிய அவருடைய நூல் 1929இல் வெளிவந்தது. ஒரு தசையை ஐந்து விநாடி இறுக்கிப் பிறகு முழுவதுமாக விட்டால், தளர்வு எப்படியிருக்கும் என்பதை உடல் அறிந்துகொள்கிறது. கைவிரல்கள், முன்கை, தோள், தாடை, கால் என்று வரிசையாகச் செய்யலாம். தையல் ஆறும் வரை வயிற்றுத் தசையையும் இடுப்புப் பகுதியையும் விட்டுவிட வேண்டும். குழந்தையைத் தூக்கித் தூக்கித் தோளும் கழுத்தும் கெட்டிப்பட்டவர்களுக்கு இது உடனே சுகம் தரும். ஆசனப் பயிற்சிகளை ஆறாவது வாரப் பரிசோதனையில் மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்குவது நல்லது. மொட்டைமாடியிலோ தெருவிலோ மெதுவாக நடப்பதை அதற்கு முன்பே தொடங்கலாம்.

மனங்குவிப்புப் பயிற்சியை மருத்துவமனைச் சூழலுக்குக் கொண்டுவந்தவர் ஜான் கபட்-சின். அவர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பயிற்சியைப் பின்னர் செவிலித்தாய் நான்சி பார்டாக் பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் ஏற்ப அமைத்தார். குழந்தையைக் குளிப்பாட்டும்போது நாளைய கவலையை விட்டு நீரின் சூட்டிலும் குழந்தையின் தோலிலும் கவனம் வைப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

தலைக்குள் ஓடும் பேச்சு

தாயின் மன அழுத்தத்தில் பெரும்பகுதி எண்ணங்களாகவே ஓடுகிறது. ‘பால் போதவில்லை, அதனால்தான் அழுகிறது’, ‘மற்றவர்களால் முடிகிறது, என்னால் முடியவில்லை’ என்ற வகை எண்ணங்கள் அவை. இவற்றைக் கையாளும் ஒரு முறையைப் பெரிய அளவில் சோதித்த இடம் பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்கள். மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மான் குழுவினர் அங்குள்ள பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்து, மனச்சோர்வு இருந்த கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினர். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் தொடங்கிப் பிரசவத்துக்குப் பின் பத்தாவது மாதம் வரை 16 சந்திப்புகள். முதலில் நலத்தைக் குலைக்கும் எண்ணத்தை அடையாளம் காண்பது, பிறகு அதற்குப் பதிலாக உதவும் எண்ணம் ஒன்றைக் கண்டுபிடிப்பது, அடுத்த சந்திப்புக்குள் அதைச் செயலில் பழகுவது என மூன்று படிகள். தாயின் சொந்த நலம், தாய்–சேய் உறவு, சுற்றியிருப்பவர்களுடனான உறவு ஆகிய மூன்றிலும் இதைச் செய்தனர்.

2008இல் லான்செட் இதழில் வெளியான முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆய்வில் 903 தாய்மார் பங்கேற்றனர். ஆறாவது மாதத்தில், பயிற்சி பெற்றவர்களின் வருகையும் பேச்சும் கிடைத்த தாய்மாரில் 23 விழுக்காட்டினருக்கே மனச்சோர்வு நீடித்தது. இந்த முறை இல்லாத வழக்கமான வருகைகள் மட்டுமே கிடைத்தவர்களில் அது 53 விழுக்காடு. ஓராண்டு முடிவில் 27, 59 என்று வேறுபாடு நிலைத்தது. அந்தத் தாய்மாரின் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசிகள் கூடுதலாகப் போடப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இந்த முறையைக் கையேடாக வெளியிட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பணியாளர்கள் ‘உங்கள் மருமகளுக்கு மனநோய்’ என்று வீட்டில் சொல்லவில்லை. குழந்தை நன்றாக வளர என்ன செய்யலாம் என்ற பேச்சோடு நுழைந்தனர். மாமியாரும் கணவரும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ள முடிந்தது. மனநோய் என்ற சொல்லைக் கேட்டதும் கதவை மூடும் வீடுகள் தமிழ்நாட்டிலும் உண்டு. இங்கும் இந்த அணுகுமுறை பொருந்தும்.

வெளியே சொல்லப்படாத இன்னொரு வகை எண்ணமும் இருக்கிறது. குழந்தை கைதவறி விழுந்துவிடுமோ, நானே ஏதாவது செய்துவிடுவேனோ என்ற காட்சி திடீரென்று மனத்தில் தோன்றி மறையும். பல தாய்மாருக்கு இது வருகிறது. அதைக் கண்டு தாய் நடுங்குவதே அது அவருடைய விருப்பம் அல்ல என்பதைக் காட்டுகிறது. ஆனால் வெளியே சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள். மறைக்க மறைக்க அது வலுப்பெறுகிறது. அடிக்கடி வந்து தொல்லை தந்தால் மருத்துவரிடம் சொல்லலாம். இதற்குச் சிகிச்சை உண்டு. முன்பு சொன்ன உளப்பிணியில், தாய் அந்த எண்ணத்தைக் கண்டு பயப்படாமல் அதை உண்மையென்றே நம்புவார். அந்த வேறுபாடு முக்கியமானது.

கேட்பவர்

1989இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எடின்பரோவிலிருந்து வந்த சிறிய ஆய்வு ஒன்று இன்றும் பேசப்படுகிறது. வீடுகளுக்குச் செல்லும் சுகாதாரச் செவிலியர்கள் மனச்சோர்வுற்ற தாய்மாரை எட்டு வாரம், வாரம் ஒருமுறை சந்தித்தனர். அறிவுரை சொல்லவில்லை, கேட்டனர். அவ்வாறு கேட்கப்பட்ட 26 பேரில் 18 பேர் முழுமையாகத் தேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் தேறியவர்கள் 9 பேர். ஐம்பது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது என்றாலும், பிறகு வந்த பல ஆய்வுகளுக்கு இதுவே வழிகாட்டியது.

வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் கடினமான முறை. தாய் அழுதால் உடனே ஏதாவது சொல்லத் தோன்றும். ‘நாங்கல்லாம் நாலு பெத்து வளர்க்கலியா?’ என்ற ஒரு கேள்வி அடுத்த ஆறு மாதத்துக்கு அவருடைய வாயை அடைத்துவிடும். ‘நேத்து ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குன?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போதும். ‘என்ன வேணும்னு சொல்லு’ என்பதும் உதவி போலத் தோன்றும். ஆனால் யோசித்துச் சொல்லும் வேலை தாயின் தலையில்தான் விழுகிறது. ‘நான் மணி ஆறு வரைக்கும் பாப்பாவ வச்சிருக்கேன், நீ போய்க் குளிச்சிட்டு வா’ என்பதில் அந்தச் சுமை இல்லை.

கண்டறிதலும் சிகிச்சையும்

காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி ஆகியோர் 1987இல் வெளியிட்ட எடின்பரோ மகப்பேற்று மனச்சோர்வு அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. கடந்த ஏழு நாள்களில் எப்படி இருந்தது என்பது பற்றிய பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 10 அல்லது 13க்கு மேல் வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். நாட்டுக்கும் மொழிக்கும் ஏற்ப இந்த எல்லை மாறும். இதன் தமிழ் வடிவம் சோதிக்கப்பட்டு 2005இல் ஆய்வு முடிவு வெளியானது. இது நோயை உறுதிசெய்யும் கருவி அல்ல, மேலும் பார்க்க வேண்டியவர்களைக் காட்டும் சல்லடை. பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு ‘இல்லவே இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றே பேச வேண்டும்.

மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பின் ஆஷா பணியாளர் வீட்டுக்கு வரவேண்டிய நாள்கள் 3, 7, 14, 21, 28, 42 என்று தேசியத் திட்டம் வகுத்திருக்கிறது. பச்சிளங்குழந்தையின் நலனே இந்த வருகைகளின் மையம். 42ஆம் நாளோடு அவை முடிந்துவிடுகின்றன. தாய் புகுந்த வீட்டுக்குப் போவது அதற்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் தாயைக் கவனிக்க ஒரு வழி இருக்கிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போட 10, 14ஆம் வாரங்களிலும் ஒன்பதாவது மாதத்திலும் தாய் எப்படியும் சுகாதார நிலையத்துக்கு வருகிறார். அங்கே இரண்டு கேள்வி கேட்க ஐந்து நிமிடம் போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சை, மருந்து, அல்லது இரண்டும் தரப்படும். மாத்திரை எடுத்தால் பால் கொடுக்கக் கூடாது என்ற பயத்தில் பலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கின்றன என்பதால் மருத்துவர்கள் பாலூட்டும் தாய்மாருக்கும் அவற்றைப் பரிந்துரைக்கின்றனர். தானாக வாங்கிச் சாப்பிடுவதும், தேறியதாகத் தோன்றியதும் தானாக நிறுத்துவதும் இரண்டுமே தவறு.

உள்நோயாளியாகச் சேர நேர்ந்தால் குழந்தையைப் பிரிந்திருக்க வேண்டுமே என்ற பயத்துக்கும் பதில் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 2009 முதல் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவு இயங்குகிறது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. நோயின் தன்மையால் குழந்தைக்கு ஆபத்து இருந்தால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் பணியாளர் அல்லது உறவினர் மேற்பார்வையில் தாய் குழந்தையைப் பார்க்கலாம்.

இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926. தாய் பேச மனமில்லாமல் இருந்தால் கணவரோ, அம்மாவோ, மாமியாரோ அழைத்து என்ன செய்வதென்று கேட்கலாம்.